ஏத்தத்துக்கு ஒரு கோப்பை எண்ணெய்

லிந்துலையைத் தாண்டி நானுஓயா மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு முதல் தடவையாகத் தலையைக் காட்டியது.

எண்ணெய்க் கேத்தல் படம் போட்ட சின்ன விளக்கு. வந்தது. மறைந்தது.

சர்மிளா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். ஒன்றுமில்லை. முன் கண்ணாடியில் பனிமூட்டம் அப்பிக் கிடந்தது. வைப்பர் ஓயாமல் துடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. மனப்பிராந்தியாக இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பின் இருக்கையில் அவள் புருஷன் துஷாந்த், கொழுந்து பறிக்கும் ராக்காயியின் தோளில் சாய்ந்து கிடந்தான். முகம் அடையாளமே தெரியவில்லை. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. உதடுகள் தடித்துப் பிதுங்கியிருந்தன. மூச்சு ஒவ்வொன்றும் துருப்பிடித்த கீலைப் போலக் கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே போனது.

"அக்கா, எப்படி இருக்காரு?"

"ரோட்டப் பாத்து ஓட்டு புள்ள. இருக்கான். இவனக் கொட்டுன குளவிதான் இந்நேரம் செத்திருக்கும்."

ராக்காயியின் இடது கையும் வீங்கித்தான் இருந்தது. வாய் மட்டும் வீங்கவில்லை.

காலையில் நடந்தது இதுதான். டயகமவுக்கு மேலேயுள்ள தோட்டத்தில், கொழுந்தை நிறுத்து முடிந்ததும் துஷாந்த் மூட்டைகளைத் தன் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மரத்தின் உச்சாணிக் கிளையில் தொங்கிய குளவிக் கூட்டைப் பருந்து ஒன்று கொத்திக் கலைத்துவிட்டது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓட முடியாமல் விழுந்த இரண்டு பேர் மீது லொறியின் படங்குத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு, தான் வெளியே நின்றான் துஷாந்த். மொத்தக் கூடும் அவன் தலையில் இறங்கியது.

தோட்டத்து மருந்துச்சாலை ஐயா ஊசி போட்டார். அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உள்ளுக்குத் தொண்ட வீங்கிக்கிட்டு வருதும்மா. ஆம்புலன்ஸ் வேற ஆள ஏத்திக்கிட்டுப் போயிருச்சு, அது திரும்பி வர்ற வரைக்கும் இந்த ஊசி தாங்காது. உங்க கார்லயே நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. எங்கயும் நிக்காதீங்க."

எங்கயும் நிக்காதீங்க. அந்தச் சொல்தான் இப்போது வைப்பரோடு சேர்ந்து சர்மிளாவின் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை மறைய மனமில்லாமல் மறைந்தது.

கார் அவளுடையது. ஜப்பானில் கொஞ்சம் ஓடிவிட்டு வந்த, அதிகம் வயசாகாத சின்ன வண்டி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் நோயாளிகளைக் கிளினிக்குக்கும் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறாள். ஆனால் அதற்கு எண்ணெய் ஊற்றும் அதிகாரம் மட்டும் துஷாந்திடம் இருந்தது. லொறிக்கு எதுவோ அதுவே காருக்கும்: சர்க்கரைப் பாணியைப் போல இழுபடும் தடித்த எண்ணெய். விடியற்குளிரில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் 'டக் டக்' என்று பல்லைக் கிட்டித்துக்கொள்ளும். சிந்தெடிக் எண்ணெய், அதிலும் மெல்லியதுதான் ஊற்ற வேண்டும் என்று எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே இலக்கம் பொறித்திருக்கிறது என்று ஹட்டன் கடைக்காரர் காட்டியபோது அவளுக்குச் சுருக்கென்றது.

முந்தாநாள் இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னதும் துஷாந்த் சிரித்தான்.

"புது வண்டி சர்மி. மொதல்ல எஞ்சின் செட்டாகட்டும். சிந்தெடிக் எல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"செட்டாகுறதுக்கு இதென்ன புதுசாக் கல்யாணமான ஜோடியா? கம்பனிக்காரன் மொத நாளே அதத்தான் ஊத்தி அனுப்பியிருக்கான். நடுவுல கெடுத்தது நாமதான். வண்டி எளசா இருக்கப்பவே மாத்தாம, பொகையக் கக்க ஆரம்பிச்ச பொறகா மாத்துறது?"

"அது தண்ணி மாதிரி இருக்கும்டி. தண்ணிய நம்பி ஏத்தம் ஏறுவியா நீ?"

"ஏறுறேனா இல்லையான்னு பாருங்க."

நேற்று அவளே மாற்றினாள். காலையில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனாள். தோட்டத்திலேயே சமதரை அது ஒன்றுதான். பழையதை வடித்தாள். ஃபில்டரை மாற்றினாள். புது எண்ணெயை ஊற்றி, அளவுக் கம்பியைத் துடைத்துச் சொருகி, மேல்கோட்டுக்குச் சரியாக வந்ததும் மூடினாள். பிறகு லயத்து வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் வழக்கம்போல வண்டியை நிறுத்தினாள். இன்று சனிக்கிழமை, பள்ளி ஓட்டம் இல்லை. குளவி கொட்டிய பிறகுதான் மறுபடி சாவியையே தொட்டாள்.

அப்படியிருக்க இந்த விளக்கு ஏன்?

துஷாந்த் சொன்னதுதான் சரியோ? இந்தத் தண்ணி எண்ணெய் ஏத்தத்தில் தாங்காதோ? தன் பிடிவாதமே புருஷனுக்கு எமனாக வந்து உட்கார்ந்துவிட்டதோ?

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பனிமூட்டம் வெள்ளை. ஆனால் வண்டிக்குப் பின்னால் நீலமாக ஒன்று சுருண்டு சுருண்டு வந்தது. புகை.

"புள்ள, இவன் என்னமோ கேக்குறான்!" என்றாள் ராக்காயி.

துஷாந்த் தலையைத் தூக்கியிருந்தான். நாக்கு வீங்கிப் பேச்சு எழவில்லை. கையைக் குவித்து எதையோ சாய்ப்பதுபோல் காட்டினான். ராக்காயி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டான். விரல் நடுங்க, முன்பக்கம் எஞ்சினைச் சுட்டினான். மறுபடி சாய்த்துக் காட்டினான். ஒரு கண்ணில் இருந்து நீர் வழிந்தது.

ராக்காயி வாயைப் பிளந்தாள்.

"அடப் பாவி! ஆமா புள்ள, நான் காலைல பெரட்டுக்குப் போறப்ப பாத்தேனே! காரு மூடியத் தெறந்து வச்சிக்கிட்டு, கேன்ல இருந்து என்னமோ ஊத்திக்கிட்டு நின்னான். 'என்ன தம்பி, பொண்டாட்டி வண்டிக்குச் சோறு ஊட்டுறியா'ன்னு கேட்டேன். 'கம்பியில கொறையுது அக்கா, ஏத்தத்துக்கு ஒரு கோப்பை சேத்து ஊத்துறேன்'னான்!"

சர்மிளாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரிவில் நிற்கிற வண்டியில் கம்பி பொய் சொல்லும். குறைகிறது என்று நம்பி, லொறியின் மிச்ச எண்ணெயைக் கவிழ்த்திருக்கிறான். இந்த மலை டிரைவர்மார் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், லொறி தாங்கும். இந்தக் குருவி எஞ்சின் எப்படித் தாங்கும்? எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் சுழல்கிற தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப்பால் தள்ள முடியாது. இப்படியே மேடேறினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

நின்றால் அவன் மூச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் எஞ்சின் நின்றுவிடும், அதன் பிறகு அவன் மூச்சும்.

விளக்கு இப்போது அணையவே இல்லை.

வளைவு திரும்பியதும் ரோட்டோரத்தில் ஒரு கொழுந்து மடுவம் தெரிந்தது. நிறுவைக்காகக் கட்டிய கொட்டகை; முன்னால் சீமெந்துத் தரை, அதன் விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான். ஸ்டீயரிங்கை ஒடித்து அங்கே ஏற்றி, முன்முகம் கானுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வண்டியை அணைத்தாள்.

"என்னா புள்ள நிறுத்துற? நிக்கக் கூடாதுன்னாரே!"

"அக்கா, எந்த வண்டி வந்தாலும் கையக் காட்டு. அவர நிமித்தியே வச்சிரு, சாய விட்றாத!"

பானட்டைத் திறந்தாள். கம்பியை உருவினாள். மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறியிருந்தது எண்ணெய். கம்பி முழுக்கப் பழுப்பு நுரை, பிளேன்டித் தேத்தண்ணியை ஆற்றி ஊற்றினாற்போல. டிக்கியிலிருந்து ஸ்பேனர் சாவியை எடுத்துக்கொண்டு கானுக்குள் குதித்தாள்.

முழங்காலுக்கு ஐஸ்தண்ணீர். முதுகில் பாசிக் கல். தலைக்கு மேல் கொதிக்கிற எஞ்சின். கையை நீட்டித் துழாவி, வடிகால் ஆணியைப் பிடித்தாள். நேற்று அவள்தான் முறுக்கினாள்; அவளே இறுக்கியது அவளுக்கே இளகவில்லை. சாவி வழுக்கி, விரல் மூட்டு இரும்பில் இடித்துத் தோல் உரிந்தது.

மேலே ஒரு பவுசர் லொறி உறுமிக்கொண்டு போனது. எதிர்த்திசை. ராக்காயி கத்தியது அதன் இரைச்சலில் கரைந்துபோனது.

"புள்ள! மூச்சு விசிலடிக்குது! சீக்கிரம் வா!"

"முருகா..." பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். ஆணி அசைந்தது. முழுதாகக் கழற்றினால் எல்லாமே கொட்டிவிடும். ஆணி கை நழுவிக் கானில் போய்விட்டால் அதோடு கதை முடிந்தது. இழை விடாமல், கொஞ்சமாக இளக்கினாள். சுடச்சுட எண்ணெய் ஒழுகி, விரல் வழியே முழங்கைக்கு ஓடியது. அலறல் தொண்டைவரை வந்தது, விழுங்கினாள். அவன் காதில் விழக் கூடாது.

ஒழுகட்டும். இன்னும் கொஞ்சம். போதுமா? எப்படித் தெரியும்? இருக்கிற எண்ணெயும் போய்விட்டால்? இறுக்கினாள். மேலேறினாள். கம்பியைத் துடைத்துச் சொருகினாள். நுரை. நுரை அடங்கினால்தான் அளவு தெரியும். அடங்க நேரம் வேண்டும். நேரம்தான் அவளிடம் இல்லாத ஒன்று.

பின் சன்னல் வழியே துஷாந்தின் கை வெளியே தொங்கியது. நகக்கண் நீலம் பாய்ந்திருந்தது.

மறுபடி கானில் இறங்கினாள். மறுபடி இளக்கினாள். வாய் தானாக ஏதேதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இறுக்கினாள். மேலே வந்து கம்பியை எடுத்தபோது கோட்டைச் சற்றே தாண்டி நின்றது எண்ணெய். நுரை குறைந்திருந்தது. இதற்கு மேல் காத்திருக்க அவளால் ஆகாது.

ஸ்டார்ட் செய்தாள். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"அணைஞ்சிரு. அணைஞ்சிரு சனியனே!"

அணைந்தது.

வண்டி ரோட்டுக்கு ஏறியது. விரல்கள் கொப்பளித்து ஸ்டீயரிங்கில் ஒட்டின. பின்னால் புகை மெலிந்தது, மறைந்தது. எஞ்சின் இப்போது முனகவில்லை. நானுஓயாக் கடைத்தெருவை ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டே கடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் கண் ரோட்டில் பாதி, விளக்கில் பாதி.

அப்போதுதான் வேறொன்று உறைத்தது. ராக்காயி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அக்கா?"

கண்ணாடியில் ராக்காயியின் குனிந்த உச்சந்தலைதான் தெரிந்தது.

"அக்கா! சொல்லு!"

"ஓட்டு புள்ள" என்றாள் ராக்காயி. அது அவள் குரலாகவே இல்லை. "ஒண்ணும் கேக்காத. ஓட்டு."

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் வண்டி போய் நின்றபோது கிறீச்சிடும் மூச்சு கேட்கவில்லை. தள்ளுவண்டி வந்தது. யார் யாரோ சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார்கள். துஷாந்தின் கை ஒரு பக்கம் தொங்க, கதவு திறந்து மூடியது.

அந்தக் கதவு முன்னால் நின்றாள் சர்மிளா. ராக்காயி தன் முந்தானையைக் கிழித்து அவள் கையில் சுற்றிவிட்டது கூடத் தெரியவில்லை. உள்ளே இரும்புப் பாத்திரம் விழுகிற சத்தம். ஓடுகிற காலடி. அப்புறம் ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"துஷாந்த் வைஃபா? தொண்டைக்குக் குழாய் போட்டாச்சு. இப்ப மூச்சு போகுது, வருது. இன்னும் பயம் விடல்ல. டொக்டர் கூப்பிடுவார், இங்கயே இருங்க."

மூச்சு போகிறது, வருகிறது. ராக்காயி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினாள். சர்மிளாவுக்கு அழுகை வரவில்லை.

"நங்கி! வாகனய அயின் கரன்ன!" வாசல் காவலாளி அவள் காரைக் காட்டி, அதை எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். அடுத்த ஆம்புலன்ஸ் வரும் வழியை அது மறித்துக்கொண்டு நின்றது.

தலையை ஆட்டிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தாள். சாவியிடம் விரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணையாமல் போய்விட்டால்? பல் கிட்டித்தது. இவ்வளவு தூரமும் எங்கேயோ ஒதுங்கி நின்ற பயம் முழுக்க இப்போதுதான் வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது.

காவலாளி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். எண்ணெய் அப்பிய சட்டையைப் பார்த்தான். துணி சுற்றிய கையைப் பார்த்தான். திட்ட வந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"பய வென்ன எப்பா" என்றான் மெல்ல. பயப்படாதே என்றான்.

கியரை மட்டும் நியூட்ரலில் போடச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய், தோளைக் கொடுத்துத் தள்ளினான்.