இரண்டாம் நம்பர் பச்சை

"பீரோ காலைத் தூக்கிப் பிடிடா, தரையில கோடு விழும்" என்றாள். பீரோவை நகர்த்திக்கொண்டிருந்த தம்பி அவளை ஒருமுறை பார்த்தான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவள் கணவர் உயிரில்லாமல் கட்டிலில் கிடக்கிறார். அக்காவுக்குத் தரைக் கவலை.

வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்க இடம் வேண்டும். பீரோ விலகியது.

பின்னால் பழைய வெள்ளைச் சுவர். இடுப்பு உயரத்தில் இரண்டு பச்சைப் பட்டைகள். அடியில் பென்சிலில் 1, 2 என்று அவர் கையெழுத்து.

அவர் பெயிண்டர். மூன்று வருடத்துக்கு முன், கூடத்துக்கு நிறம் பார்க்கத் தீட்டியவை. இரண்டும் அக்காள் தங்கைபோல; ஒன்றில் துளி நீலம், மற்றதில் துளி மஞ்சள். நாத்தனார் வந்த கையோடு, "ஒண்ணாம் நம்பர்தான்ணே லட்சணமா இருக்கு" என்றாள். இவள் பகல் வெளிச்சத்திலும் விளக்கிலும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு என்றாள். யார் எது சொன்னாலும் தலையாட்டுவதால் வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'. அன்று மட்டும், "நீ இருக்கிற வீடு. உனக்குப் பிடிச்சதுதான்" என்றார்.

இவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அடித்து முடித்திருந்தார். பீரோவும் பழைய இடத்துக்குப் போயிருந்தது.

"அன்னைக்குப் பாத்த பச்சை மாதிரி இல்லையே?"

"பெரிய சுவத்துல அடிச்சா வேற மாதிரிதான்டி தெரியும்."

"பீரோவுக்குப் பின்னாடியும் அடிச்சாச்சா?"

"அங்க யாரு எட்டிப் பாக்கப் போறா?"

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் தங்கையை விட்டு இவள் பக்கம் நின்றார். வருகிறவர்களிடமெல்லாம், "நான் எடுத்த நிறம்" என்று காட்டுவாள். அவரும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

இப்போது பார்த்தால், சுவரின் பச்சை ஒன்றாம் பட்டையின் ஓரத்தைத் தொட்டு நின்றது. விரலால் தடவினாள். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இரண்டு மட்டும் வெள்ளைக்கு நடுவில் தனியாக இருந்தது.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. நாத்தனார் ஓடிவந்து கட்டிலில் விழுந்தாள். "நான் சொன்ன நிறத்தையே அடிச்சுவச்சியே அண்ணே... அண்ணிகிட்ட சொல்லாதேன்னு சொன்னியே... இனி எனக்குன்னு யாரு இருக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி சுவரைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"அக்கா, அவர் பக்கத்துல வந்து உக்காரு" என்றான் தம்பி.

"இங்கயே இருக்கேன்."

இரண்டாம் பட்டை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் ஓரம் தோளுக்கு மேல் விரலளவு தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்து விட்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து சாய்ந்துகொண்டாள்.