மிருகக்காட்சிசாலை பார்க்க வந்தவர்

பாஸ்போர்ட் சோதிக்கும் வரிசையில் நின்றிருந்த வெல்டருக்குக் கழுத்து திரும்பவில்லை. முந்தைய விமான நிலையத்தில் இரும்பு நாற்காலியில் படுத்ததில் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்பினார். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கும்.

கப்பல் பட்டறைக்காரர்கள் விடுப்பில் ஊருக்குப் போகும்போது கம்பெனி எடுத்துத் தரும் டிக்கெட் இரண்டு இடத்தில் இறங்கி ஏறுவதாகத்தான் இருக்கும். அதுதான் மலிவு. எல்லோரும் முணுமுணுப்பார்கள். இந்த முறை இவரோ, வழியில் ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடக்கவேண்டிய டிக்கெட்டைத் தானே கேட்டு வாங்கினார். வெயிலில் மூளை உருகிவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிக் காத்துக் கிடக்கவேண்டிய ஊரில்தான் அவருடைய மனைவி ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். மகளை அக்காவிடம் விட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் பறந்தவர்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு வாய்க்கவே இல்லை. யோசனை சொன்னது அறையில் உடன் தங்கியிருந்த கிரேன் டிரைவர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவனுக்கு வக்கீல் என்று பேர். ஒரு நாட்டிலிருந்து வேறொரு நாட்டுக்குப் போகிறவர், அடுத்த விமானத்துக்கு டிக்கெட் உறுதியாக இருந்தால், நடுவில் அந்த ஊரில் விசா இல்லாமலே வெளியே போய் வரலாம் என்று அவன் படித்துச் சொன்னான். கூடவே எச்சரித்தான்.

“பொண்டாட்டியைப் பார்க்கணும்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்கண்ணே. அப்புறம் நீங்க வழிப்போக்கர் இல்ல, விருந்தாளி. அதுக்குத் தனி விசா கேப்பாங்க. ஊர் சுத்திப் பார்க்கன்னு சொல்லுங்க.”

எதைப் பார்க்கப் போகிறாய் என்று அதிகாரி கேட்டதும், வக்கீல் சொல்லிக்கொடுத்த கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் வெல்டருக்கு மறந்துபோயிற்று. மிருகக்காட்சிசாலை என்றார். அதற்கு இன்று விடுமுறை என்றார் அதிகாரி. பரவாயில்லை, வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார் வெல்டர். அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். கழுத்து திரும்பாததால் வெல்டரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விலங்குகள் மேல் இவ்வளவு பிரியமா என்று மனம் இளகியதோ என்னவோ, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடச் சொல்லி முத்திரை குத்தினார்.

போனில் சொல்லிவைத்திருந்த பூங்கா வாசலில் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். லீவு கேட்டதற்குக் கிடைக்கவில்லையாம். நாயை நடத்திக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெல்டர் நெருங்கியதும் நாய் குறுக்கே வந்து உறுமியது. கடைசியில் பெஞ்சில் அவள் ஒரு ஓரம், இவர் ஒரு ஓரம், நடுவில் நாய் என்று உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்குள் நாயை விடமாட்டார்கள் என்பதால் அவர் ரொட்டி வாங்கி வந்தார். அதிலும் பாதியை நாய் தின்றது.

அவள் நாயின் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டி அவருடைய கழுத்தைப் பிடித்துவிட்டாள். மகளுக்கு ஒரு கவுன் வாங்கி வைத்திருந்தாள். அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாள். இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று இருவரும் கையை வைத்துக் காட்டினார்கள். இரண்டு கையும் இரண்டு உயரத்தில் நின்றன. போனில் பார்த்தால் உயரம் தெரிவதில்லை என்று அவளே சமாதானம் சொன்னாள்.

“போதும், நீயும் கிளம்பி வந்துடு” என்றார் வெல்டர்.

“எப்படிங்க வர்றது? என் பாஸ்போர்ட் அவங்க பீரோல பூட்டியிருக்கு.” நாயின் காதைத் தடவினாள். “இதுக்குக்கூட ஒண்ணு இருக்கு, போட்டோ ஒட்டினது. அவங்க வெளிநாடு போறப்போ இதுவும் போகும்.”

“அதையும் பூட்டி வெச்சிருக்காங்களா?”

“இல்லங்க. அது மேசை மேலயே கிடக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். நிறுத்த முடியாமல் இருவரும் சிரித்ததைக் கண்டு நாயும் குரைத்தது.

போன் அடித்தது. முதலாளி அம்மா. மழை வரும்போல இருக்கிறது, நாய் நனைந்தால் சளி பிடிக்கும், உடனே வா என்றாள். மனைவி தன் பையிலிருந்து நீல நிற மழைக்கோட்டு ஒன்றை எடுத்து, நாயின் கால்களை ஒவ்வொன்றாக நுழைத்து, வயிற்றுப் பக்கம் பொத்தான்களைப் போட்டாள். குல்லாயைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

“விமானத்தை விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாதை திரும்புமுன்பே மழை வலுத்துவிட்டது. குல்லாய்க்குள்ளிருந்து நாய் ஒரு முறை திரும்பிப் பார்த்தது. அதன் வாரைப் பிடித்தபடி, ரவிக்கையும் தலைமுடியும் முதுகோடு ஒட்டிக்கொள்ள, அவள் அதன் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.