பள்ளிக்கூட கேட்டின் கொண்டி

கேட் ஆடிக்கொண்டிருக்கிறது, யாரோ இப்போதுதான் தள்ளிவிட்டுப் போனதுபோல, கீச், கீச் என்று, அதன் அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு என் கையில், மற்றது எங்கே, அவள் எங்கே, லாரி பிரேக் போட்ட சத்தம் ரோட்டில் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது, நான் ஓடுகிறேன், மிது, மிது என்று கத்திக்கொண்டே, கூப்பிட்டால் திரும்பாதவளை, ஆறு வயதாகியும் அந்தப் பெயர் தன்னுடையது என்று இன்னும் ஒப்புக்கொள்ளாதவளை, பனியன் துணி ஏற்றிய லாரிக்கு இரண்டடி முன்னால் என் தங்கை நிற்கிறாள், டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடக்கிறார், மிது அந்த லாரியில் கட்டித் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அண்ணாந்து பார்த்து விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் அழவில்லை, அழுதது நான்தான்.

இது காலையில் நடந்தது, ஆனால் கண்ணை மூடினால் முடிந்தபாடில்லை, பக்கத்தில் அவள் தூங்குகிறாள், எப்போதும்போல என் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு என் இடது காதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, இதை அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் யாரிடம் சொல்வது, சேர்க்கைப் பாரத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கோயமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அது, இவளை மாதிரிப் பிள்ளைகளுக்கு மட்டும், மாதத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், மோசமான இடம் என்று சொல்ல முடியாது, வழவழவென்று தரை, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பெயர், காலியாகக் கிடந்த ஒன்றை அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். அதற்கும் முன்னால் நான் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே போனோம், மிது பிரின்சிபால் மேசைக் கண்ணாடியை நக்கினாள், அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, மற்ற பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்கம்மா என்றார், அதே வராந்தாவில் என் வகுப்புப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஒண்ணாப்பு என்பது அம்மாவின் காலம், இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் அம்மாவுக்குப் பயம், எதுக்கும் பழக்கி வெய்யி அம்மிணி என்றாள், ஒரு வாரம் பழக்கினேன், மிதுவின் கையை எடுத்து என் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து என் காதைத் தொட வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன், அதில் இருந்த தப்பு எனக்கு அப்போது தெரியவில்லை. தலைமையாசிரியை தமயந்தி டீச்சர் குத்தவைத்து உட்கார்ந்து விளையாட்டாக, எங்க கண்ணு, காதத் தொடு பாக்கலாம் என்றதும், இவள் எட்டி, டீச்சரின் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு டீச்சரின் காதைப் பிடித்துக்கொண்டாள், அம்மா பதறிப்போய் இழுக்கப் போனாள், டீச்சர் காதை விடுவித்துக்கொள்ளவே இல்லை, அப்படியே சாய்ந்த தலையோடு, உடுங்க, நான் சேத்துக்கறேன் என்றார்.

ஆனால் ஒன்று சொன்னார், ஸ்பெஷல் டீச்சர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், நானே ரெண்டு கிளாசப் பாக்கோணும், ஒரு வருசத்துக்கு வீட்டாள் ஒருத்தர் தினமும் கூட உக்காரோணும் என்றார். அப்பா லாரி ஓட்டப் போனால் திரும்பி வர வாரம் ஆகும், அம்மாவின் பனியன் கம்பெனி சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது, அம்மா என்னைப் பார்த்தாள், இரண்டு நாள் கழித்துத் தலை வாரிவிடும்போது என் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னாள், ஒரு வருசம்தான அம்மிணி, பிளஸ் டூவ அடுத்த வருசம் எழுதிக்கலாமல்ல. நான் சரி என்றேன், சீப்பு ஒரு சிக்கில் மாட்டி நின்றது, சரிம்மா என்று மறுபடியும் சொன்னேன்.

இன்றைக்கு முதல் நாள், ஒரு மணி நேரம் அவளை விட்டுவிட்டு வெளியே இரு, எப்படி இருக்கறான்னு பாக்கறேன் என்று டீச்சர் என்னை அனுப்பினார், போறப்ப கொண்டியப் போட்டுரு, அவ ரோட்டுக்கு வந்துருவா, என்று இரண்டு தடவை சொன்னார். எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றேன், மனது கேட்காமல் திரும்பக் கேட்டைத் திறந்து உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மிது பெஞ்சுக்கு அடியில் சாக்பீஸ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள், பக்கத்தில் ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது, இவ்வளவு எளிதா என்று இருந்தது எனக்கு, பிடித்துப்போய்விடும், இங்கேயே இருப்பாள், நானும் இருப்பேன். வெளியே வந்தபோது என் வகுப்பு சுபிக்‌ஷாவும் மற்றவர்களும் காலை டியூஷன் முடிந்து சைக்கிளில் போனார்கள், ஏன்டி, இனி வரவே மாட்டியா, உன் எடத்துல பேக் வெச்சுக்கட்டா என்று சிரித்தாள், தெரு முனை வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த அப்பாவின் முன்னால் டீச்சர் கையைக் கூப்பினார், என்ர தப்புத்தானுங்க, கேட்ட நான் பாத்திருக்கோணும், பாப்பாவத் திட்டாதீங்க என்று என்னைக் காட்டிச் சொன்னார், நான் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சத்தம் போடவில்லை, அந்த டிரைவரு எடத்துல நானா இருந்திருந்தா பிரேக்கு புடிச்சிருப்பனான்னு தெரியலீங்க என்றார், வீட்டுக்கு வந்து, திங்கக்கெழம கோயமுத்தூர்ல உட்டுரலாம் என்றார், அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள், நான் சாப்பிட்டேன், இயற்பியல் புத்தகத்தை எடுத்து விரித்தேன், திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

நான்தான் கடைசியாக வெளியே வந்தவள் என்று சொல்லிவிட்டால் டீச்சரின் பேரில் இருக்கிற பழி போய்விடும், மிது இங்கேயே இருக்கலாம், சொல்ல வாயைத் திறந்தால் அம்மா அடுத்ததாக ஒன்று கேட்பாள் அல்லவா, அதற்குத்தான் பயமாக இருக்கிறது. காதில் அவள் விரல் இறுகுகிறது, கேட் ஆடிக்கொண்டிருக்கிறது, இல்லை, இன்னும் ஆடவில்லை, அசையாமல் நிற்கிறது, வெளியே நின்று அதன் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய்த்தான் உள்பக்கக் கொண்டியைத் தொட வேண்டும், என் கை போகிறது, துருவின் சொரசொரப்பு விரலில் படுகிறது, சைக்கிள் மணி கேட்கிறது, கை திரும்பி வருகிறது, அம்மா, நான் மறந்துதான் போனேனா?