நாறும் இடத்து மண்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. நாலாம் மாடிப் பெண் ஏறினாள். கூடவே அழுகிய முட்டை வாடையும் ஏறியது. எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அவளோ லாட்டரி விழுந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியைப் புளுகப் போகிறேன்.

2

முதல் தொடக்கம்: மாலை வெயிலில் குப்பைமேடு பொன்னாக மின்ன, மூக்கும் முழியுமாக அவள்

(அடித்துவிட்டேன். குப்பைமேட்டுப் பக்கமே போகாத ஆள் எழுதுகிற வாக்கியம்.)

இரண்டாவது: அவள் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். குப்பைமேட்டை மூடிய மண்ணில் சில பாக்டீரியாக்கள் உண்டு. கீழிருந்து கிளம்பும் மீத்தேனைக் காற்றில் கலக்கவிடாமல் தின்றுவிடும். ஆய்வகக் குடுவையில் சுத்தமான மீத்தேன் கொடுத்தபோது வெளுத்துக்கட்டின. மேட்டிலிருந்து பிடித்துவந்த நாற்ற வாயுவைக் கலந்ததும் வாயே திறக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா. அதுவும் படுத்துடுச்சுன்னா இதை இழுத்து மூடிடலாம்," என்றார் துறைத் தலைவர். இந்த ஆராய்ச்சிக்காகவே அவள் ஆறு வருடம் மாடாக உழைத்திருந்தாள்.

(இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டது. தலைவருக்கு முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். பாவம், நல்ல மனுஷர். எடுத்துவிட்டேன்.)

3

அன்று நாள் முழுக்க நாற்ற வாயுவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளிடமிருந்து, லிஃப்டில் கணவன் ஓரடி தள்ளி நின்றான்.

"உனக்கு நாறவே இல்லையா?"

"காலையில குடலைப் புரட்டுச்சு. இப்பப் பழகிடுச்சு."

சொன்னவள் திகைத்து நின்றாள். மாடி வந்தும் இறங்கவில்லை.

"என்னாச்சு?"

"நான் ஒரு மண்டுங்க! எப்பவும் நாத்தம் வராத ஓரமாப் பாத்துத்தான் மண் அள்ளியிருக்கேன். அங்க வளர்ந்ததுங்களுக்கு இந்த வாடை எப்படிப் பழகியிருக்கும்?"

மறுநாள், மேட்டிலேயே வாடை பிய்த்துக்கொண்டு வருகிற வெடிப்புக்குப் போனாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். (முந்தைய வரைவில் ஒரு முறைதான். கஞ்சத்தனம் எதற்கு?) அங்கிருந்த மண்ணை அள்ளிவந்து குடுவையில் அடைத்தாள். அதே நாற்ற வாயுவை உள்ளே செலுத்தினாள்.

4

மீட்டரில் மீத்தேன் அளவு இறங்கியது. பிறகு நின்றது.

(இங்கே முடித்தால் இலக்கியம் என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை.)

மறுபடி இறங்கியது. நாளுக்கு நாள் இறங்கி, ஒருவழியாகத் தரைதட்டியது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சாதிச்சுட்டியேம்மா!"

எழுதும்போதே எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

5

ஒரு முடிவில் அவளைக் குளிப்பாட்டி மேடையேற்றி, மாலை போட்டு

வேண்டாம். குளிக்காமலே லிஃப்டில் ஏறட்டும். இந்த முறை கணவன் ஓரடி நெருங்கி நிற்கட்டும். கதவு இன்னும் மூடவில்லை, உள்ளே ஒருவருக்கு இடமிருக்கிறது. அவள் ஏன் சிரிக்கிறாள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஏறுவதும், மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் போவதும் உங்கள் பாடு.