மூன்றரையாம் நிறம்

பல்லக்காவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. இருபத்தெட்டு வருடங்களாக அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? கீழ்த்தளத்தில் பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். மாடியில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள நீள அறையில், பிளாஸ்டர் அச்சுகளாக அந்த வாய்கள் அவள் மேசைக்கு வந்து சேரும். பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, அவள் பல்லை வளர்ப்பாள். பக்கத்து மேசைக்காரர் அதைச் சின்னச் சூளையில் வைத்துச் சுட்டெடுப்பார். அதனால் அவர் சூளைக்காரர், இவள் பல்லக்கா. சொந்தப் பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தன.

ஒவ்வொரு அச்சோடும் ஒரு சீட்டு வரும். அதில் பல்லின் நிறம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று நல்ல வெள்ளை. இரண்டு, மூன்று என்று ஏற ஏற மஞ்சள் கூடும். இருபது வயதில் இரண்டாக இருக்கிற வாய் ஐம்பதைத் தாண்டும்போது மூன்றரையில் வந்து நிற்கும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது பல்லக்காவின் கட்சி. ஆசை அடங்காதவர்களுக்காகவே ஒன்றுக்கும் கீழே ஒரு பூஜ்ஜியம் இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் கழிப்பறை வெள்ளை.

"இங்க பாருங்க, இந்தப் பெரிய மனுஷரை. வயசு அறுபத்தெட்டு. கேட்டிருக்கிறது பூஜ்ஜியம்."

"கேட்டவருக்குச் சந்தோஷம். நமக்கென்ன பல்லக்கா?"

"நமக்கென்னவா? அவர் சிரிக்கிறப்போ எதிர்ல உக்காந்திருக்கிறவன் கண்ணு கூசுமே. சம்பந்தி வீட்ல யாரோ வெள்ளையாக் கட்டியிருப்பாங்க. இவருக்குத் தூக்கம் வந்திருக்காது."

அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஓடப் போய், படியில் விழுந்து, இரண்டு பல்லைத் தொலைத்த வங்கி மேலாளர். மகளின் தோழி மாதிரிப் பல் வேண்டும் என்று படத்தோடு வந்த தாய். அடுத்தவர் வாழ்க்கையை எட்டிப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்ட கூட்டம் என்பாள். சொல்லிவிட்டு அறை அதிரச் சிரிப்பாள். அவளிடம் யாரும் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோனது. மாவுப் புட்டியின் மூடி இறுகிக் கிடந்தது. பல்லக்கா அதை வாயில் வைத்துக் கடித்துத் திருகினாள். ஊர் உலகத்துக்கெல்லாம் பல் செய்கிறவள் பல்லால் மூடி திறந்தாள். முன்பல்லில் பாதி தெறித்து மேசையில் விழுந்தது. சூளைக்காரர் அதைப் பொறுக்கியெடுத்து, "இது எந்தச் சீட்டோட பல்லு?" என்று ஐந்து நிமிடம் அச்சுகளுக்கிடையே தேடினார்.

டாக்டர் திட்டிக்கொண்டே மீதிப் பல்லைச் சீவி, அதன் மேல் உறைபோல் மாட்டும் பீங்கான் கேப் போடுவதற்கு அளவெடுத்தார். அந்த மருத்துவமனையில் ஒரு விதி இருந்தது. தன் பல்லின் நிறத்தைத் தானே குறிக்கக் கூடாது. காலை வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, உதட்டுச்சாயம் இல்லாமல் நிற்க வேண்டும். அடுத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விதியை எழுதி ஒட்டியவளே பல்லக்காதான். பூஜ்ஜியம் கேட்டு அடம்பிடிப்பவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு அதைத் தாண்டலாம். டாக்டர் அவளை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தார். சீட்டில் மூன்றரை என்று எழுதினார்.

அன்று மதியம் தங்கை கூப்பிட்டாள். அவளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வயது. அழைப்பிதழில் 'ஐம்பதில் இருபத்தைந்து' என்று போட்டிருந்தாள்.

"அக்கா, வந்துடுவல்ல? எல்லாரும் சிரிச்ச மாதிரி ஒரு குடும்பப் போட்டோ எடுக்கப் போறோம்."

"சிரிக்கிற நெலமையில நான் இல்லடி. முன்பல்லு போச்சு."

"ஐயையோ! நல்லதாக் கட்டிக்கிட்டு வாக்கா. போன தடவை எடுத்த போட்டோவைப் பாத்து எங்க ஆபீஸ்ல என்ன கேட்டாங்க தெரியுமா? பக்கத்துல உங்கம்மாவான்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? சிரிச்சேன்."

பல்லக்கா போனை வைத்தாள். மூன்று வயது வித்தியாசம். இவள் அம்மாவாம். அழைப்பிதழைக் கிழிக்க எடுத்தாள், கிழிக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியதும், பழைய அச்சுகள் அடுக்கியிருந்த அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவினாள். தங்கையின் வாய். எட்டு வருடங்களுக்கு முன் அந்த முன்பற்கள் நான்கையும் செய்துகொடுத்தவள் இவளேதான். சீட்டில் பூஜ்ஜியம். ஓரத்தில், தன் கையெழுத்திலேயே, 'திருந்தாத ஜென்மம்'.

எட்டு வருடங்களாக ஒவ்வொரு புகைப்படத்திலும் அவள் பார்த்துப் பொருமியது தன் கைவேலையைத்தான். இதைவிடக் கேவலம் வேறு உண்டா? இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும், பேனாவை எடுத்துத் தன் சீட்டில் இருந்த மூன்றரையை அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டாள்.

"யாரோடது இது?" என்றார் சூளைக்காரர், சூளையைத் திறந்தபடி.

"சுடச் சொன்னா சுடுங்க."

அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுட்டார்.

சனிக்கிழமை டாக்டர் கேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் எழுதினது இது இல்லையே."

"தற்காலிகப் பசையில ஒட்டிவிடுங்க டாக்டர். நாளைக்கு ஒரு நாள் தாங்கினாப் போதும்."

ஞாயிறு மாலை மண்டபம் முழுக்க வெளிச்சம். தங்கை படிகளில் தாவித் தாவி ஏறி எல்லோரையும் வரவேற்றாள். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். அதைக் கவனித்ததில் பல்லக்காவுக்கு ஒரு அற்பத் திருப்தி. தங்கை கட்டிக்கொண்டாள்.

"பல்லு சூப்பரா இருக்குக்கா! இப்பதான் எங்கக்கா மாதிரி இருக்க."

நேற்று வரை யார் மாதிரி இருந்தேன் என்று கேட்க நினைத்தாள். வாயைத் திறக்கத் தயக்கமாக இருந்தது.

கேக் வெட்டும்போது யாரோ ஏதோ சொல்ல, தங்கை தன்னை மறந்து சிரித்தாள். மேலுதடு ஏறியது. ஒரு கணம்தான். உடனே விரலால் உதட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அந்த ஒரு கணம் பல்லக்காவுக்குப் போதும், இருபத்தெட்டு வருடத் தொழில். ஈறு மேலே ஏறிவிட்டிருந்தது. நான்கு வெள்ளைப் பற்களுக்கும் மேலே கறுப்புக் கோடு, கேப்பின் அடியில் இருக்கும் உலோகம். பல் மட்டும் எட்டு வருடங்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வாய் அதன் பாட்டுக்கு வயதாகிக்கொண்டு போயிருந்தது. பிறகுதான் கவனித்தாள்: தங்கை மாலை முழுக்க உதட்டை இறக்கிப் பிடித்தே சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச காலமாகவே எல்லாப் புகைப்படங்களிலும் அப்படித்தான் சிரித்திருக்கிறாள். இருபத்தைந்து வயதுக்காரியாம். சொந்தச் சிரிப்புக்குக் காவல் நிற்கிறவள்.

பல்லக்கா கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று இளித்தாள். அவளுடைய முன்பல்லும் அதன் பின்னால் சுவர் முழுக்கப் பதித்திருந்த ஓடுகளும் இம்மியும் பிசகாமல் ஒரே நிறம். சுவரிலிருந்து ஒரு ஓட்டைப் பெயர்த்து வாயில் வைத்த மாதிரி இருந்தது. பெயர் வைத்தவள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடைத்துக் கிடந்த சிரிப்பு குபீரென்று கிளம்பி, வெளியே வரிசையில் நின்ற யாரோ கதவைத் தட்டும் வரை ஓயவில்லை.

கைக்குட்டையால் கேப்பைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினாள். கழன்று வந்தது. சீவிய கட்டைப் பல் மட்டும் மிஞ்சியது.

புகைப்படத்துக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பல்லக்கா தங்கையின் பக்கத்தில் போய் நின்று வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள்.

"அக்கா! பல்லு எங்க?"

"கைக்குட்டையில."

"மானம் போகுது. வாயை மூடு!"

"ஏன்டி? ஐம்பத்திமூணு வயசுக்காரி மூடியைக் கடிச்சா இப்படித்தான் இருக்கும். உன் அம்மான்னு சொல்லிக்கோ, பரவால்ல."

தங்கையின் மகள் போனை உயர்த்தினாள். "பெரியம்மா, கொஞ்சம் வாயை..."

"நீ எடுடி."

எடுத்தாள். தங்கை படத்தைப் பார்த்தாள். பல்லக்கா கட்டைப் பல்லோடு கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கையின் உதடு கயிற்றால் கட்டியதுபோல் இறங்கியிருந்தது. அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் அருகில் வந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"கேக் வெட்டும்போதே."

"ரெண்டு வருஷமா இப்படித்தான். மாத்திக் குடுப்பியா?"

கேட்பதைப் பார், எட்டு வருடம் கழித்து, என்று பல்லக்கா நினைத்தாள். திருந்தாத ஜென்மம் என்று எழுதிய கையும் பூஜ்ஜியம் போட்ட கையும் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வர, வாயில் வந்ததை விழுங்கினாள்.

"நாளைக்குக் காலையில வா. உதட்டுச்சாயம் பூசாம வா. ஜன்னலோரமா நிக்க வெச்சு டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

"என்ன நம்பர் வரும்?"

"உன் நம்பர் வரும்."

"ரொம்ப மஞ்சளா இருக்குமா?"

"என்னோடதைவிடக் கொஞ்சம் கம்மி. மூணு வயசு சின்னவதானே நீ," என்றாள் பல்லக்கா. சொல்லிவிட்டு அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.