ஒரு மத்தியானத்துச் சம்சாரம்

வெள்ளைத்துரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. லாரிக்காரனோடு போய்விட்ட பெண்டாட்டியை, செத்துப்போனாள் என்று வெளியூர்த் தரகர் பலவேசத்திடம் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு மனசு வரவில்லை. "வீட்லதான் இருக்கா, நல்லா இருக்கா" என்று சொல்லித் தொலைத்தார். இப்போது விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் பெண்ணின் தாய் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருத்தங்கலில் அடுத்த வீட்டுக் குருவம்மாள் அவருக்குச் சம்சாரம் ஆனாள். தாயில்பட்டி வெடி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்து ஆறு வருஷமாகப் பொட்டில்லாமல் இருப்பவள். வெள்ளைத்துரையின் மகள் முருகம்மாளுக்காகத்தான் சம்மதித்தாள். இருவரும் தீப்பெட்டிக் கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவர்கள். பெண்ணுக்கு இருபத்து நாலு வயதாகிறது. உள்ளூரில் வந்த மூன்று சம்பந்தங்கள் தாயின் கதை கேட்டுக் கலைந்துவிட்டன. இதுவும் போனால் இனி யார் வருவார்கள்?

குருவம்மாள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள். கண்ணாடி பார்க்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அண்ணே, காப்பி ஆறிப்போகுதே" என்று, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே, பழக்கதோஷத்தில் வெள்ளைத்துரையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். நல்லவேளை, "எனக்கா தாயி? இந்தா குடிக்கேன்" என்று பலவேசம் டம்ளரை எடுத்துக்கொண்டார். அடுப்படியில் முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! குருவம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய் சின்னத்தாய்க்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை நீட்டினாள்.

"பூ வச்சுப் பேசி முடிச்சிருவோம் மதினி. நான் தாலியறுத்தவ, என் கையால வைக்கக் கூடாது. பெத்தவ, சுமங்கலி, நீங்களே வைங்க."

குருவம்மாள் பூவை வாங்கிவிட்டாள். கை மேலே எழும்பவில்லை. தன் கழுத்தில் பொய்க் கயிற்றைக் கட்டியபோது இப்படித் தயங்கவில்லை; அந்தப் பாவம் தன்னோடு போகும். இது பிள்ளையின் தலை. இவளும் ஒருநாள் கருகிய உடம்பை அடையாளம் காட்டப் போய் நிற்க வேண்டி வந்தால்?

"என் கையும் அந்தக் கைதான் மதினி" என்றாள். "நான் பக்கத்து வீட்டுக்காரி."

சின்னத்தாய் நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது தேவலை. பூவைத் திரும்ப வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். அவளும் மாப்பிள்ளையும் பலவேசமும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வெள்ளைத்துரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

முருகம்மாள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"எங்காத்தா இன்னமும் சுமங்கலிதான் அத்தை. அவ கையா எனக்கு நல்ல கை? நீங்களே வச்சிருக்கலாம்ல?"

தான் என்ன செய்துவிட்டோம் என்பது குருவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.