கருவியில் கோளாறு இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கிடைத்தது. உடைந்த போனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் ஒரு ஜிம்பலைக் கொடுத்திருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வீடியோ எடுக்கும்போது போனைப் பொருத்திப் பிடிக்கிற கைப்பிடி அது. உள்ளே இருக்கும் மோட்டார்கள் நம் கை ஆடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அசைந்து படத்தை ஆடாமல் வைத்துவிடும். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கருவியில கோளாறு இல்லீங்க" என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் ஜிம்பலைக் கொடுத்தவர் முகம் செத்துப்போயிற்று. வாங்கிக்கொண்டு போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. கதைக்குள் அவரை 'அவன்' என்கிறேன். மரியாதைக் குறைவில்லை, கிட்டே போகத்தான்.

2

முதல் ஆரம்பம்: "அவன் மனைவியின் கைகள் மிக அழகா—"

(வேண்டாம். அழகான கை என்றாலே அதற்கு ஏதோ வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

இரண்டாவது ஆரம்பம்: விற்பனைக்கு இருக்கும் வீடுகளை வீடியோ எடுத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். இது பரவாயில்லை, இதிலேயே போவோம். அவள் எடுப்பாள், அவன் கணினியில் வெட்டி ஒட்டுவான். நடந்துகொண்டே எடுப்பதற்கென்று ஒரு நடை இருக்கிறது. முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, விளிம்புவரை நிறைந்த டம்ளரைக் கொண்டுபோவது போலப் போக வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. சின்ன கேமராவை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு அவள் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனால், சுவர் தானாக விலகி வழிவிடுவது போலிருக்கும்.

எடுக்கும்போது பேச மாட்டாள். மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகாது. நிலைக்கண்ணாடியிலோ சன்னல் கண்ணாடியிலோ தன் உருவம் விழாமல் எடுப்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் வேண்டியிருக்கிறது.

அப்புறம் படம் ஆட ஆரம்பித்தது.

"என்ன இது, ஓடற பஸ்ல நின்னு எடுத்த மாதிரி இருக்கு?" என்றான்.

"தூக்கம் சரியில்லீங்க. கை கொஞ்சம் நடுங்குது."

"டீயைக் குறை."

இந்த இடத்தில் அவனை எழுந்து போகவைத்து, அவள் கையைப் பிடித்துப் பார்க்கவைக்க எத்தனையோ தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அவன் நாற்காலியை விட்டு—

எழுந்திருக்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் என்றால் அவனுக்குப் படத்தில் இருக்கிற குறை. அதற்குக் கடையில் மருந்து உண்டு. மறுநாளே ஜிம்பல் வாங்கிவந்தான், ஆசையாகத்தான் வாங்கிவந்தான். போனைப் பொருத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, அவள் கையில் அவனே கொடுத்தான் பாவி.

3

படம் மறுபடி வழவழவென்று வந்தது.

"பாத்தியா, கை நடுக்கமே போயிடுச்சு," என்றான். அவளும் சிரித்தாள்.

(இடைக்குறிப்பு: கதை அவன் தோளில் உட்கார்ந்திருப்பதால் அவள் மனதுக்குள் போக எனக்கு வழியில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரியாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.)

ஒரு வருஷம் ஓடியது. கைப்பிடி சூடாகிறது என்றாள். கிர்ரென்று சத்தம் வருகிறது என்றாள். ஒருநாள் பாதி வீட்டில் மோட்டார் அடங்கி, போன் தொங்கிவிட்டது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

கடைக்காரர் இன்னொன்றும் கேட்டார். முதலில் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"தாங்கற அளவுக்கு மேல ஆட்டம் வந்தா மோட்டார் இப்படித்தான் திணறும். யாருங்க இதப் பிடிச்சு எடுக்கறது?"

4

மூளையில் கட்டி. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கை நடுங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம். இப்ப ரொம்ப முத்திப் போயிடுச்சு."

அவள் அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டான்: "ஊருக்கெல்லாம் வீடு காட்டினீங்களே மாப்ள, உங்க வீட்ல இருந்தவ கையப் பாக்கலியா?"

அவனுக்காக ஒரு பதில் எழுதினேன். அடித்தேன். இன்னொன்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன்.

"விடுண்ணே. நானும் பெருசா சொல்லல," என்றாள் அவள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். மன்னிப்பில் முடிகிற கதையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மன்னிப்பு அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் இருந்தது.)

5

ஒரு மத்தியானம் அவள் கேட்டாள். "அந்தச் சின்ன கேமராவக் குடுங்க. உங்கள ஒருதரம் எடுக்கறேன்."

"போனையே ஜிம்பல்ல போட்டுத் தரட்டா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அங்கேயே உடைந்து அழுதான்.

"அழுதா எப்படி எடுக்கறது? முகத்தத் தொடைங்க. சும்மா கையிலயே எடுக்கறேன்."

எடுத்தாள். பழக்கம் விடவில்லை, எடுத்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை.

6

அவள் போய்விட்டாள். அதை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை.

பழைய வீடியோக்களில் அவளைத் தேடினான். காலி அறைகள், சுவர்கள், மாடிப்படிகள். ஒரு கண்ணாடியிலும் அவள் இல்லை. அந்தக் கடைசி வீடியோவிலும் இல்லை. அதில் இருப்பது அவன்தான், அவனும் சரியாகத் தெரியவில்லை. ஒரு தாடை, சன்னல், போர்வை, மறுபடி தாடை. எல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிறது.

மச்சான் போன் செய்தான். "தங்கச்சி கடைசியா எடுத்த வீடியோவ எங்களுக்கும் அனுப்புங்க மாப்ள. ரொம்ப ஆடுதாமே, கொஞ்சம் சரிபண்ணி அனுப்புங்க."

சரிபண்ணலாம். கணினியில் 'ஆட்டத்தை நீக்கு' என்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அவன் தினமும் அழுத்திப் பழகிய பொத்தான்.

அழுத்துவதாக ஒரு முடிவு எழுதினேன். வீடியோவையே அழித்துவிடுவதாக ஒன்று எழுதினேன். இரண்டையும் கிழித்தாயிற்று. அந்த மனிதரை நான் ஒரே ஒரு தடவை கடையில் பார்த்தவன், இதை முடிவு பண்ண நான் யார்?

அதனால் அவனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உங்களை உட்காரவைக்கிறேன். மச்சான் காத்துக்கொண்டிருக்கிறான். அழுத்தினால், அவள் கடைசியாகப் பார்த்த முகம் தெளிவாகத் தெரியும். அழுத்தாவிட்டால், அந்த ஆட்டத்தில் அவள் கை இருக்கும்.